கன்சல்டிங் கம்பெனியில் சேருமுன் இதை யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

போன மாதம் என் சித்தி மகன் வாட்ஸ்அப்பில் ஓர் ஆஃபர் லெட்டரை அனுப்பி, "அண்ணா, கையெழுத்துப் போட்டுடலாமா?" என்று கேட்டான். டெக்சாஸில் எம்.எஸ். முடித்துவிட்டு ஓ.பி.டி.யில் இருக்கிறான், அதாவது படிப்பு முடிந்ததும் மாணவர் விசாவிலேயே ஒரு வருடம் வேலை பார்க்கக் கிடைக்கும் அனுமதியில். அந்த ஒரு வருடத்தில் வேலை இல்லாமல் மொத்தம் 90 நாள்தான் இருக்கலாம். அதில் பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. லெட்டர் கொடுத்தது ஒரு சின்ன கன்சல்டிங் கம்பெனி. வரிவரியாகப் படித்துக்கொண்டு வந்த நான் மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். பதினெட்டு மாதத்துக்குள் விலகினால் 15,000 டாலர் கட்ட வேண்டும் என்று இருந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நான் கையெழுத்துப் போட்ட தாளிலும் கிட்டத்தட்ட இதே வரி இருந்தது. அன்று ராத்திரி அவனிடம் இரண்டு மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகு தூக்கம் வரவில்லை. அவனிடம் சொன்னதையெல்லாம் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. எனக்கு அந்த நேரத்தில் இப்படிச் சொல்ல ஒருவரும் இல்லை.

முதலில் எந்தக் கன்சல்டிங் என்று சொல்லிவிடுகிறேன். மெக்கின்சி, டெலாய்ட் மாதிரி இடங்களில் ஆலோசகராக இருந்து, திங்கட்கிழமை விமானம் ஏறி வியாழக்கிழமை வீடு திரும்புகிறவர்களின் உலகம் வேறு. நான் சொல்வது அமெரிக்காவில் நம்மவர்கள் 'கன்சல்டன்சி' என்று சொல்கிற, ஆள் அனுப்புகிற கம்பெனி. ஒரு இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு ஒரு வருடத்துக்கு ஆள் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரிய வெண்டரிடம், அதாவது ஆள் பிடித்துத் தரும் இடைத்தரகரிடம், சொல்வார்கள், அவர் சின்ன வெண்டரிடம் சொல்வார், அவர் நம் கம்பெனியிடம் கேட்பார். நம் எச்-1பி, அதாவது வேலை விசா, யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி நம் முதலாளி. கிளையன்ட் மணிக்குக் கொடுக்கும் பணம் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிந்து கடைசியில் நம்மிடம் வரும். நடுவில் எவ்வளவு கழிந்தது என்பதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள்.

2015-இல் நான் சோழிங்கநல்லூரில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் டேட்டா வேர்ஹவுஸ் வேலையில் இருந்தேன். ஆறு வருட அனுபவம். வெளிநாட்டுக்கு ஆன்சைட் அனுப்புங்கள் என்று கேட்டால் அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போனார்கள். கூட வேலை பார்த்த நண்பன் ஒருவன் மூலம் நியூ ஜெர்சியில் இருந்த ஒரு கம்பெனியின் தொடர்பு கிடைத்தது. முதலாளி நம்ம ஊர்ப்பக்கத்துக்காரர். முதல் போனிலேயே, "தம்பி, அருப்புக்கோட்டையா நீங்க? எங்க மாமனார் ஊரு பந்தல்குடி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் சாய்ந்துவிட்டேன். எச்-1பி செலவுக்கு 3,000 டாலர் நான் கொடுக்க வேண்டும் என்றார். அப்போது டாலர் 62, 63 ரூபாய். என் மனைவியின் இரண்டு வளையலை அடகு வைத்து 1,87,500 ரூபாய் அனுப்பினேன். எச்-1பி விண்ணப்பக் கட்டணமும் அதற்கான வக்கீல் செலவும் முதலாளியின் செலவு, அதை வேலைக்காரர் தலையில் கட்டக் கூடாது என்பது சட்டம். இது எனக்கு இரண்டரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது. முதல் போனிலேயே பணம் கேட்கும் கம்பெனி, பிறகு எல்லா இடத்திலும் அதே மாதிரிதான் நடக்கும். அந்த இடத்திலேயே போனை வைத்துவிடுங்கள்.

அந்த வருடம் 85,000 இடத்துக்கு ஏறக்குறைய 2,33,000 விண்ணப்பங்கள் போயிருந்தன. லாட்டரியில் என் பெயர் விழுந்தது. அண்ணா மேம்பாலத்தை ஒட்டிய அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா ஸ்டாம்பிங் முடித்து, நவம்பர் நடுவில் நியூவர்க்கில் வந்து இறங்கினேன். நேராக எடிசனில் ஒரு கெஸ்ட் ஹவுஸ். இரண்டு அறை, எட்டுப் பேர். தரையில் மெத்தை. சமையலறையில் ஒரே ஒரு ரைஸ் குக்கர். யார் முதலில் எழுந்தார்களோ அவர்கள் சாதம் வைப்பார்கள், மற்றவர்கள் ரசமோ முட்டையோ செய்வார்கள். காலை ஒன்பது மணிக்கெல்லாம் எட்டு போனும் ஜன்னல் ஓரத்துக்குப் போய்விடும், அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். எது அடித்தாலும் எட்டுப் பேரும் திரும்பிப் பார்ப்போம். வெண்டர் போன் வந்தவன் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இன்டர்வியூ கொடுப்பான். வெளியே நாங்கள் குழாயைக்கூடத் திறக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அந்த எட்டுப் பேரில் நான்கு பேர் இன்றைக்கும் எனக்கு உடன்பிறந்தவர்கள் மாதிரி.

ஏழு வாரம் அப்படிப் போனது. ஒரு டாலர் சம்பளம் வரவில்லை. "பிராஜெக்ட் கிடைச்ச பிறகுதானே தம்பி சம்பளம்" என்றார் முதலாளி. அதுதான் வழக்கம் போலிருக்கிறது என்று நம்பினேன். இங்கேதான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இருக்கிறது. எச்-1பி போடும்போது கம்பெனி தொழிலாளர் துறையிடம் எல்.சி.ஏ. என்று ஒரு உறுதிமொழி கொடுக்கிறது. இன்ன ஊரில், இன்ன வேலைக்கு, வருடத்துக்கு இவ்வளவு சம்பளம் தருவோம் என்று அதில் எழுதியிருக்கும். பிராஜெக்ட் இல்லை என்பதற்காக அந்தச் சம்பளத்தை நிறுத்த முடியாது. நாம் இங்கே வந்து, வேலைக்குத் தயார் என்று கம்பெனியிடம் சொல்லிக் காத்திருக்க ஆரம்பித்த நாளிலிருந்தே கணக்கு ஓடும். எப்படி இழுத்தாலும் நாட்டுக்குள் வந்த 30 நாளுக்கு மேல் தள்ள முடியாது. பிராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கிற மாதத்துக்கும் முழுச் சம்பளம் உண்டு. நாமாகக் கேட்டு ஊருக்குப் போன நாள், உடம்பு சரியில்லாமல் லீவு எடுத்த நாள் மாதிரியானவை மட்டும் விதிவிலக்கு. என் எல்.சி.ஏ.வில் 70,000 டாலர் என்று இருந்தது, அதாவது வாரத்துக்கு 1,346 டாலர். அந்தத் தாளின் நகலை வேலைக்குச் சேரும் நாளுக்குள் நம் கையில் கொடுக்க வேண்டும். நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் கனெக்டிகட் மாநிலம் ஹார்ட்ஃபர்டில் ஒரு இன்சூரன்ஸ் கிளையன்ட்டிடம் பிராஜெக்ட் கிடைத்தது. இனி நல்லதைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த இருபது மாதம் என் வாழ்க்கையில் நான் அதிகம் கற்றுக்கொண்ட காலம். சென்னையில் ஆறு வருடமாக யாரோ எழுதிக் கொடுத்த ஸ்பெக்கை வைத்து இன்ஃபர்மாட்டிகா என்ற மென்பொருளில் மேப்பிங் செய்துகொண்டிருந்தேன். அந்த டேட்டா எதற்கு, யாருக்கு என்று எனக்குத் தெரியாது. இங்கே கிளெய்ம் எழுதும் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு விபத்துக் கோரிக்கை எப்படி உள்ளே வருகிறது, எங்கே நிற்கிறது, ஏன் நிராகரிக்கப்படுகிறது என்று பார்த்தேன். கிளையன்ட் மேனேஜர் முப்பது வருடம் அதே நிறுவனத்தில் இருந்தவர். மாலை நான்கு மணிக்கு வெள்ளைப் பலகையில் படம் வரைந்து எனக்குப் புரிய வைப்பார். கன்சல்டன்ட் என்றால் வந்த இரண்டாவது வாரமே பலன் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அந்த அழுத்தத்தில் இரண்டு வருடத்தில் கற்றதை, நிரந்தர வேலையில் ஐந்து வருடம் இருந்தாலும் கற்றிருக்க மாட்டேன்.

மணிக்கணக்கில் சம்பளம் என்பதில் ஒரு நியாயமும் உண்டு. ஐம்பது மணி நேரம் வேலை செய்து டைம்ஷீட்டில் கையெழுத்து வாங்கினால் ஐம்பது மணி நேரத்துக்கும் பணம் வந்தது. சென்னையில் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தாலும் இரவுச் சாப்பாட்டோடு சரி. இன்னொரு பெரிய நன்மை கிரீன் கார்டு. பெரிய கம்பெனிகளில் அதைத் தொடங்கவே இரண்டு மூன்று வருடம் காக்க வைப்பார்கள் என்று அங்கே இருக்கும் நண்பர்கள் சொல்வார்கள். சின்ன கம்பெனி ஆளைப் பிடித்து வைத்துக்கொள்வதற்காகவே சீக்கிரம் தொடங்கும். அதன் முதல் படியான பெர்ம் விண்ணப்பம் எனக்கு 2016 ஜூனில் போனது, அடுத்த படியான ஐ-140 மனு 2017 மார்ச்சில் கைகூடியது. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்ற வரம்பினால் இந்தியர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த வரிசையில் 2016 ஜூன் என்ற தேதி கையில் இருப்பது சாதாரண விஷயம் இல்லை. கம்பெனி மாறினாலும் அந்தத் தேதி நம்மோடு வரும். ஐ-140 கிடைத்து 180 நாள் தாண்டிவிட்டால், பழைய முதலாளி அதைத் திரும்பப் பெற்றாலும், அதை வைத்து எச்-1பி நீட்டிப்பு வாங்கும் வழி அடைபடாது. ஆகவே ஐ-140 நகல் கிடைக்காவிட்டாலும் ரசீது எண்ணையாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெர்ம் கட்டத்தின் வக்கீல் செலவையும் விளம்பரச் செலவையும் முதலாளிதான் ஏற்க வேண்டும், அதற்கும் நம்மிடம் கை நீட்டக் கூடாது.

மனைவி 2016 கோடையில் வந்து சேர்ந்தாள். ராக்கி ஹில்லில் ஒரு சின்ன அப்பார்ட்மென்ட். சுற்றிலும் நம்மவர்கள். ஞாயிற்றுக்கிழமை மிடில்டவுன் கோயிலுக்குப் போய்ப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு வருவோம். வளையலைத் திருப்பினோம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இந்தச் சமயத்தில் தற்செயலாக ஒரு மெயில் என் கண்ணில் பட்டது. எங்கள் ஒப்பந்தம் 70-30. அதாவது நடுவில் இருக்கும் வெண்டரிடமிருந்து எங்கள் கம்பெனிக்கு வருவதில் எனக்கு 70 சதவீதம். ரேட் மணிக்கு 58 டாலர் என்று முதலாளி சொல்லியிருந்தார். ரேட் எழுதியிருக்கும் பர்சேஸ் ஆர்டரைப் புதுப்பிக்கும்போது வெண்டர் அலுவலகத்துப் பெண் தெரியாமல் என்னையும் நகலில் சேர்த்துவிட்டார். அதில் 68 என்று இருந்தது. காரில் உட்கார்ந்து போனில் அந்தத் தாளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மணிக்கு 7 டாலர் எனக்கு வர வேண்டியது வரவில்லை. இருபது மாதத்தில் சுமார் 3,300 மணி நேரம் வேலை செய்திருக்கிறேன், கணக்குப் போட்டால் 23,100 டாலர். கேட்டபோது, "அது வேற கணக்கு தம்பி, இன்சூரன்ஸ், ஆபீஸ் செலவெல்லாம் இருக்குல்ல" என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை, கிரீன் கார்டு அவர் கையில் இருந்தது. சதவீதக் கணக்குக்கு ஒத்துக்கொள்வதாக இருந்தால் பர்சேஸ் ஆர்டர் நகலை ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும் என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள். காட்ட முடியாது என்றால் சதவீதம் வேண்டாம், நிலையான சம்பளம் பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் தெரிய வந்தது. என் எல்.சி.ஏ. எடிசன் முகவரிக்குப் போட்டது. நான் வேலை பார்த்ததோ வேறு மாநிலத்தில். 2015 ஏப்ரலில் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் வந்த முடிவுக்குப் பிறகு, வேலை செய்யும் இடம் தினமும் போய்வரும் வட்டாரத்தைத் தாண்டி மாறினால், புது எல்.சி.ஏ.வும் திருத்த மனுவும் போட்டாக வேண்டும், அதுவும் மாறுவதற்கு முன்னால். என் முதலாளி ஜனவரியில் செய்ய வேண்டியதை ஜூனில்தான் செய்தார், அதுவும் கிரீன் கார்டு வக்கீல் கேட்டதால். அந்த ஐந்து மாதம் ஓர் அதிகாரி வந்து கேட்டிருந்தால் சிக்கல் என் தலையில்தான் விழுந்திருக்கும். புது ஊருக்குப் பெட்டி கட்டுமுன் திருத்த மனுவின் ரசீதைக் கேளுங்கள்.

2017 செப்டம்பர், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு வெண்டரிடமிருந்து போன். கிளையன்ட் பட்ஜெட் குறைந்துவிட்டது, இன்றோடு முடிகிறது என்றார். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. மேனேஜருக்கே அன்று காலையில்தான் தெரியுமாம். அவர் என் மேசைக்கு வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை, என் பேட்ஜை வாங்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது. கீழே வந்து காரில் ஏறிய பிறகும் வண்டியை எடுக்க முடியவில்லை. மனைவிக்கு அப்போது நான்காவது மாதம். கன்சல்டன்ட்டுக்கு நோட்டீஸ் காலம் என்று ஒன்று கிளையன்ட் பக்கத்தில் கிடையாது. இதை மனதளவில் ஏற்றுக்கொண்டுதான் இந்த வேலையில் இருக்க முடியும். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இல்லாமல் நான் இனி எந்தக் கன்சல்டிங் வேலையிலும் சேர மாட்டேன்.

இரண்டு வாரம் சம்பளம் வந்தது. பிறகு நின்றுவிட்டது. "மார்க்கெட் டல்லா இருக்கு தம்பி, ஊர்ப்பக்கம் ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்களேன்" என்றார். இங்கேதான் என் மனைவி என்னைக் காப்பாற்றினாள். நான் தினமும் அவரோடு போனில் மன்றாடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "போன்ல பேசாதீங்க. மெயில்ல எழுதுங்க. நாளைக்கு யாராவது கேட்டா காட்ட என்ன இருக்கு?" என்றாள். அன்றிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒரு மெயில் போட்டேன். நான் வேலைக்குத் தயாராக இருக்கிறேன், இந்த வாரம் இந்த இன்டர்வியூக்கள் கொடுத்தேன், சென்ற வாரச் சம்பளம் வரவில்லை, எப்போது வரும் என்று நான்கு வரி. அவர் பதில் போடவே இல்லை. ஆனால் என் பக்கத்தில் பதினைந்து மெயில் சேர்ந்தது.

அக்டோபரில் மனைவியை ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் கார்டை இரண்டு முறை தட்டிப் பார்த்துவிட்டு, உங்கள் இன்சூரன்ஸ் இப்போது செல்லாது என்றார். பிரீமியம் கட்டுவதை முதலாளி சொல்லாமல் நிறுத்தியிருந்தார். கிரெடிட் கார்டில் 640 டாலர் கட்டி ஸ்கேன் எடுத்தோம். திரையில் குழந்தையின் முதுகெலும்பு மணிமாலை மாதிரித் தெரிந்தது. எனக்கு அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியவில்லை, கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தை நான் இழந்ததை எந்தப் பணத்தோடும் சேர்த்து எழுத முடியாது. வேலை வழியாக வந்த இன்சூரன்ஸ் போனால், 60 நாளுக்குள் மாநிலச் சந்தையில் தனியாக வாங்கிக்கொள்ளலாம், எச்-1பி இருப்பவர்களுக்கும், எச்-4 என்ற குடும்பத்தினர் விசா இருப்பவர்களுக்கும் அந்த உரிமை உண்டு. கனெக்டிகட்டில் ஆக்சஸ் ஹெல்த் சி.டி. என்று அதற்குப் பெயர். கோயிலில் பழக்கமான ஓர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது; கடைசி வாரத்தில் வாங்கினோம்.

இன்டர்வியூக்கள் வந்துகொண்டிருந்தன, மொத்தம் பதினான்கு. ஒன்றில், "சார்லட்டில் வங்கியில் செய்த பிராஜெக்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார்கள். நான் சார்லட் பக்கமே போனதில்லை. எனக்குத் தெரியாமல் என் ரெஸ்யூமேயில் இரண்டு வருட அனுபவத்தைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். சில விநாடி பேச்சே வரவில்லை. அது என்னுடைய பிராஜெக்ட் இல்லை என்று சொன்னேன், அவர்கள் மரியாதையாக நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். வெண்டருக்குப் போகும் ரெஸ்யூமேயை அனுப்புமுன் எனக்குக் காட்ட வேண்டும் என்று எழுதிச் சொல்லிவிடுங்கள். அது நம் பெயரில் வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கும், விசா நேர்காணலில்கூட வந்து நிற்கலாம்.

நவம்பரில் முதலாளியே போன் செய்தார். பே-ஸ்டப், அதாவது சம்பளச் சீட்டு, இல்லாவிட்டால் வேறு கம்பெனிக்கு எச்-1பி டிரான்ஸ்ஃபருக்குச் சிக்கலாகும், அதனால் நீங்களே மாதம் 6,280 டாலர் எனக்கு அனுப்புங்கள், வரி போக மீதியைச் சம்பளமாகத் திருப்பித் தருகிறேன் என்றார். உதவி செய்கிற மாதிரிதான் பேசினார். நான் பயத்தில் காசோலை எழுதி உறையில் போட்டுவிட்டேன். அதற்கு மறுநாள் ஹார்ட்ஃபர்டில் ஒரு குடிவரவு வக்கீலைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தேன். 250 டாலர், நாற்பது நிமிடம். உறையை மேசையில் வைத்து விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இதை அனுப்பினால் அவர் செய்த குற்றத்தில் உங்களுக்கும் பங்கு வந்துவிடும்" என்றார். அங்கேயே கிழித்துப் போட்டேன். கம்பெனி வக்கீல் கம்பெனிக்குத்தான் முதலில். நமக்கென்று ஒரு வக்கீலை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும், அதுவும் பிரச்சினை வருவதற்கு முன்னால். நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அந்த 250 டாலர்தான்.

அவர் சொல்லித்தான் டபிள்யூ.எச்-4 என்ற படிவத்தைப் பற்றித் தெரியும். எல்.சி.ஏ. சம்பளம் வராவிட்டால் தொழிலாளர் துறையில் அதை நிரப்பிக் கொடுக்கலாம், மீறல் நடந்த 12 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்ததற்காக முதலாளி பழிவாங்கக் கூடாது என்றும் சட்டம் இருக்கிறது. முதல் ஏழு வாரத்துக்கான காலம் அதற்குள் தாண்டிவிட்டது. இரண்டாவது முறைக்குக் காலம் இருந்தது. ஆனால் நான் கொடுக்கவில்லை. ஊர்க்காரர், மாமனார் ஊர், கிரீன் கார்டு என்று ஏதேதோ நினைத்துத் தள்ளிப்போட்டேன், அதுவும் தாண்டிவிட்டது. முதல் ஏழு வாரம், பிறகு பதினைந்து வாரம், ஆக இருபத்திரண்டு வாரத்துக்கு 29,600 டாலர். அதோடு ரேட்டில் போனது, விசாவுக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 55,000 டாலருக்கு மேல். அந்தப் படிவத்தைக் கொடுக்காததுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். நான் பேசாமல் இருந்ததால் எனக்குப் பின்னால் அதே கெஸ்ட் ஹவுஸுக்கு வந்த பையன்களுக்கும் அதேதான் நடந்தது.

ஹார்ட்ஃபர்டில் கூட வேலை பார்த்த ஒருவர், அரை மணி நேரத் தொலைவில் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒரு நிறுவனத்துக்கு என்னைப் பரிந்துரைத்தார். நிரந்தர வேலை. 2018 ஜனவரி நடுவில் டிரான்ஸ்ஃபர் மனு போட்டார்கள். மனு போய்ச் சேர்ந்ததுமே வேலையைத் தொடங்கலாம் என்பதால் அந்த வாரமே சேர்ந்தேன். விலகல் கடிதம் கொடுத்த அன்றே பழைய முதலாளியின் குரல் மாறிவிட்டது. சீக்கிரம் விலகினால் கட்டுவதாக எழுதிக் கொடுத்த பாண்ட் பணம் 10,000 டாலர் கட்டு, இல்லையென்றால் கோர்ட் என்றார். எச்-1பி ஊழியர் சீக்கிரம் விலகியதற்காக அபராதம் வசூலிக்கக் கூடாது; நஷ்டத்தை ஒட்டிய நியாயமான இழப்பீட்டை மாநிலச் சட்டம் இடம் கொடுத்தால் கேட்கலாம், அவ்வளவுதான். என் வக்கீல், தராத சம்பளத்தின் கணக்கையும் சேர்த்து ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை.

பிப்ரவரியில் மகள் பிறந்த ஐந்தாம் நாள், குடிவரவுத் துறையிடமிருந்து கேள்வி வந்தது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை பே-ஸ்டப் எங்கே என்று கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை மெயில்கள் பதினைந்தையும் அச்செடுத்து, இன்டர்வியூ அழைப்புகளையும் வங்கிக் கணக்கையும் சேர்த்து வக்கீலிடம் கொடுத்தோம். ஊழியர் வேலைக்குத் தயாராக இருந்தார், சம்பளம் தராதது முதலாளியின் மீறல் என்று அவர் எழுதினார். மூன்று வாரம் ராத்திரி குழந்தை அழும்போதெல்லாம் நானும் எழுந்து போனில் கேஸ் நிலவரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் விடியற்காலையில் 'அப்ரூவ்ட்' என்று இருந்தது. மனைவியிடம் காட்டினேன். "மெயில் எழுதச் சொன்னேன்ல" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு என் தம்பி, "அப்ப கன்சல்டன்சியே வேண்டாமாண்ணா?" என்று கேட்டான். அப்படி நான் சொல்லவில்லை. என்னோடு அந்தக் கெஸ்ட் ஹவுஸில் இருந்த ஒருவன் இன்றும் கன்சல்டிங்கில்தான் இருக்கிறான், பெஞ்சிலும் தேதி தவறாமல் சம்பளம் போடும் கம்பெனியில். வருடத்துக்கு ஒரு புது ஊர், புது வேலை என்று அவனுக்கு அது ஒத்துப்போகிறது. கல்யாணம் ஆகாமல், ஒரு பெட்டியோடு நகரத் தயாராக இருக்கும் வயதில் அந்த அனுபவம் பொன்னானது. குழந்தை, பள்ளிக்கூடம், வீட்டுக் கடன் என்று வந்த பிறகு அதே வேலை வேறு மாதிரி இருக்கும். விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கான மனுவுக்கு 1,00,000 டாலர் என்று அறிவிப்பு வந்த பிறகு, நான் வந்த வழியில் இன்று ஒருவர் வருவது கடினம். இப்போது இந்தக் கம்பெனிகளின் கண் இங்கேயே படித்து முடிக்கும் இவனைப் போன்ற பிள்ளைகள் மேல்தான். 90 நாள் கெடு இருக்கிறது என்ற பயம் அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அவனிடம் நான்கு கேள்விகளை மெயிலில் கேட்கச் சொன்னேன். பெஞ்சில் இருந்தால் சம்பளம் எந்தத் தேதியில் வரும், எச்-1பி போடும்போது செலவு யாருடையது, எல்.சி.ஏ. நகல் எப்போது தருவீர்கள், 15,000 டாலர் என்பது எந்தச் செலவுக்கான கணக்கு. இப்போது அங்கே இருக்கும் இரண்டு பேரிடம் பேசிப் பார்க்க வேண்டும், கம்பெனி கொடுக்கும் நம்பரில் இல்லாமல் அவனாகத் தேடிப் பிடித்த ஆட்களிடம் என்றும் சொன்னேன். நேற்று ராத்திரி போன் செய்தான். நான்கில் ஒன்றுக்கும் மெயிலில் பதில் வரவில்லையாம். அதற்குப் பதிலாகக் கம்பெனியிலிருந்து ஒருவர் போன் செய்து, "எந்த ஊரு தம்பி நீங்க?" என்று கேட்டாராம். அதே நாளில் இன்னொரு கம்பெனியின் லெட்டரும் வந்திருக்கிறது, சம்பளம் 8,000 டாலர் குறைவு, ஆனால் பாண்ட் இல்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வீடியோ காலில் உட்காருகிறோம்.